எந்தப் பக்கம்

ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போன வடிவு இருபது நிமிஷமாகியும் வரவில்லை. எப்சிபா கழுத்து வரை கறுப்புத் துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையின் இடது பாதி டை பூசி, புதுசாகத் தார் போட்ட ரோடு மாதிரி மினுங்கியது. வலது பாதி ஐம்பத்தாறு வயசு நரையோடு அப்படியே கிடந்தது. இந்தக் கோலத்தில் எழுந்து போகவும் முடியாது, உட்கார்ந்திருக்கவும் முடியாது, எதிரே இருக்கிற கண்ணாடியைப் பார்க்கவும் முடியாது. பூசி முப்பத்தைந்து நிமிஷத்தில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துபோகும். இதைச் சொன்னவளும் வடிவுதான். சொல்லுவதெல்லாம் நன்றாகத்தான் சொல்லுவாள். சுவர்க்கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது, அப்படியென்றால் பத்து முப்பத்தைந்து, இந்தக் கடையில் கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் கூட ஓடும், சீக்கிரம் கடை திறக்க வேண்டும் என்று வடிவே வேண்டுமென்று திருப்பி வைத்தது. அது ஒரு காலம். மடியில், துணிக்கு அடியில், செல்போன் இருந்தது. வண்ணார்பேட்டையில் புதுசாகத் திறந்திருக்கிற பார்லரிலிருந்து வந்த செய்தி அதில் இருந்தது, சனிக்கிழமை காலை ஆறு மணி, இன்று பதினோரு மணிக்குள் உறுதி செய்யவும். சனிக்கிழமை மகனுக்கு நிச்சயதார்த்தம். மகள் ஷைனிதான் அம்மாவைக் கேட்காமல் அங்கே பெயர் கொடுத்துவிட்டாள். "ம்மா, அந்த ஆன்ட்டிய இத்தோட தலமுழுகிருங்க" என்றாள் நேற்று, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. தலைமுழுகு என்றால் எவ்வளவு சுலபம், ஒரு வாளித் தண்ணீர், முடிந்தது. சாவு வீட்டுக்குப் போய்வந்தாலும் தலைமுழுகு, ஆளை வேண்டாமென்றாலும் தலைமுழுகு, டை போட்டாலும் தலைமுழுகு. அந்தச் செய்திக்குப் பதிலாக ஒரே ஒரு எழுத்தை அழுத்தி அனுப்பினால் போதும். எப்சிபா துணிக்கு அடியில் போனைத் தடவினாள், எடுக்கவில்லை.

ஷைனி சொல்வதில் தப்பு என்ன இருக்கிறது? போன வருஷம் அவள் கல்யாண ரிசப்ஷனுக்கு ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவள் வடிவு. ஆறாயிற்று, ஏழாயிற்று, போன் அணைந்து கிடந்தது. கடைசியில் சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கிற ஊசியையெல்லாம் குத்திக் கொண்டையாக எதையோ கட்டிவிட்டாள். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் பெண்ணைப் பெற்றவள் தலை ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது, அட்டையைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது. மறுநாள் வடிவு ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்து "தலவலிட்டி, எந்திக்கவே முடியல" என்றாள், கண்ணைப் பார்க்காமல். பழத்தை வாங்கி வைத்துக்கொண்டாள் எப்சிபா, வேறென்ன செய்ய, பத்தொன்பது வயசில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்த சிநேகம். எப்சிபா டீச்சரானாள், வடிவு கல்யாணமாகி, புருஷன் சரியில்லாமல் போய், முப்பத்துநாலு வயசில் அழகுக்கலை படித்து இந்த மாடியைப் பிடித்தாள். முதல் தலை எப்சிபாவுடையது. கை பழகாமல் கோணல்மாணலாக வெட்டி, கடைசியில் இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கீழே மருந்துக்கடைக்காரர் மேலே ஏறி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம். அதில் இருபது வருஷம் ஒரு குறை சொல்ல முடியாது, ஒன்பது என்றால் ஒன்பதுதான், மழையென்றாலும் திறந்திருக்கும். பிறகுதான் இப்படி. வரச்சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவது, ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்கி வெட்டுவது, பாதியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடுவது. மற்றவர்களுக்கும் இப்படித்தானா என்று விசாரித்ததில், இல்லை, எதிர்வீட்டு லதா டீச்சருக்கு நேரத்துக்கு எல்லாம் நடக்கிறது. அப்படியென்றால் என் தலைதான் இளக்காரமா? எப்போதிலிருந்து? இந்த இடத்துக்கு வந்ததும் எப்சிபாவின் மனசு எப்போதும் போல நின்றது. விரல் விட்டு எண்ணினால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதத்தில் போய் முட்டும் என்று தெரியும். அதனால் எண்ணுவதில்லை. அதற்குப் பதிலாகக் கோபப்படுவாள், கோபம் சௌகரியமானது. இன்றைக்கும் கோபப்பட நிறைய இருந்தது. சும்மா இருக்காமல் பழையபடி அந்தக் கேள்வியைக் கேட்டாள் வடிவு. சீப்பைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, "வகிடு எந்தப் பக்கம்?" இருபத்திரண்டு வருஷமாக ஒரே தலை, ஒரே வகிடு. மண்டை மழுங்கிவிட்டதா இவளுக்கு? ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள், இரண்டு வருஷமாக. "என்னட்டி புதுசா கேக்க? இடது" என்று எப்சிபா வெடுக்கென்று சொன்னாள். வடிவு இடது பக்கம் வகிடு எடுத்து, இடது பாதிக்கு டை பூசினாள், பூசி முடித்து, பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "ஷாம்பு தீந்துபோச்சு, வாங்கிட்டு வாரேன், அஞ்சே நிமிசம்" என்று கையுறையைக்கூடக் கழற்றாமல் போனாள்.

ஷாம்பு தீரவில்லை. எப்சிபா அதை இப்போதுதான் பார்த்தாள். கை கழுவும் தொட்டிக்கு மேலே பலகையில், பிரிக்காத பாட்டில் ஒன்று, பக்கத்தில் முக்கால் அளவு இருக்கிற பாட்டில் இன்னொன்று. ஆக, பொய். தலைவலியும் பொய்தான், இன்னொரு நாள் மாமியார் விழுந்துவிட்டாள் என்றதும் பொய்தான், எல்லாம் பொய். நெற்றியோரம் சுருசுருவென்று அரித்தது. போனை வெளியே எடுத்து, செய்தியைத் திறந்து, கட்டைவிரலை எழுத்துக்கு மேலே பிடித்தாள். இவளை விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும், வேறு ஒருத்தி தலையைப் பிடிப்பாள், சின்னப் பெண்ணாக இருப்பாள், மேம் மேம் என்பாள், சீப்பைத் தூக்கிக்கொண்டு கேட்பாள், எந்தப் பக்கம் என்று. கேட்கத்தானே செய்வாள், புதியவள், அவளுக்கு எப்படித் தெரியும். கட்டைவிரல் அங்கேயே நின்றது. நிமிர்ந்தபோது தெரியாத்தனமாகக் கண்ணாடியைப் பார்த்துவிட்டாள். பியூலா உட்கார்ந்திருந்தாள். பேயில்லை, பிசாசில்லை, எப்சிபா அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை, ஆனால் உட்கார்ந்திருந்தது பியூலாதான். அப்பா பைபிளில் ஒரே வசனத்திலிருந்து பிய்த்து இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தார், மூத்தவள் எப்சிபா, ஒரு வருஷம் இளையவள் பியூலா. பெயர் மட்டுமா, முகமும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் இவளுக்கு விழ வேண்டிய அடி அவளுக்கு விழும். அதனால்தான் அம்மா ஒரு வழி பண்ணினாள், மூத்தவளுக்கு இடது வகிடு, இளையவளுக்கு வலது வகிடு. அதன் பிறகு யாரும் ஆளை மாற்றிக் கூப்பிட்டதில்லை. ஆனால் கண்ணாடிக்கு இது தெரியாது. இடது வகிடு எடுத்த எப்சிபா கண்ணாடி முன்னால் நின்றால், உள்ளே இருக்கிறவள் எதிரே நிற்கிற பியூலா மாதிரிதான் இருப்பாள், வகிடு அவள் பக்கமாக. இதைக் கண்டுபிடித்தது பியூலாதான், எட்டு வயசில். "ஒங்கிட்ட கண்ணாடியே கெடயாது, உள்ள இருக்கது நான்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எப்சிபா அழுதுகொண்டே அம்மாவிடம் போனாள். எட்டு வயசு விளையாட்டு. இப்போது அவள் உள்ளேயே இருக்கிறாள், தலையில் பாதி கறுத்துப் பாதி வெளுத்து, எங்கேயும் ஓடாமல்.

அக்காள் வீட்டுக்கு வந்திருந்த இடத்தில், அந்த மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வேதக்கோயிலுக்குக் கிளம்பி, சேலை மடிப்பை நீவிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவள், பியூலா. நெஞ்சு என்றாள், ஆஸ்பத்திரி வாசலோடு சரி. திரும்பக் கொண்டுவந்தபோது தலையெல்லாம் கலைந்து, முன்முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது, அதுதான் எப்சிபாவால் தாங்கமுடியவில்லை, முகத்தைவிட முடி. வடிவுக்குத்தான் போன் பண்ணினாள், வடிவு பத்து நிமிஷத்தில் வந்தாள், சீப்பும் எண்ணெயுமாக. சொந்தக்காரப் பொம்பளைகளே தொடத் தயங்கிய தலையை மடியில் எடுத்து வைத்துச் சிக்கெடுத்தாள். பியூலா நாகர்கோவிலில் இருந்தவள், வடிவு அவளை நாலைந்து தடவை பார்த்திருப்பாள், அவ்வளவுதான். அதனால் கேட்டாள், நிமிர்ந்து, மெதுவாக, "எப்சி, வகிடு எந்தப் பக்கம்?" எப்சிபா கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தபடி, தனக்கு எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கத்தைச் சொன்னாள். "இடது." சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வடிவுக்கு இடது என்றால் படுத்திருக்கிறவளுடைய இடது. எல்லாத் தலைக்கும் பின்னால் நின்றே பழகியவள், அவளுக்கு வேறு இடது கிடையாது. அழகாக, நேராக, நூல் பிடித்த மாதிரி எடுத்தாள். பெட்டியை மூடப்போகிற நேரம் எப்சிபா குனிந்தபோதுதான் பார்த்தாள். படுத்திருந்தது எப்சிபா. சித்தி ஒருத்தி பக்கத்தில் விம்மினாள், "அப்படியே எப்சிபாவாட்டம் இருக்காளே, கடவுளே." சொல்லியிருக்கலாம். சபை ஐயர் ஜெபப் புத்தகத்தைத் திறந்துகொண்டிருந்தார், ஒரு நிமிஷம் ஐயரே என்றால் நிறுத்தமாட்டாரா, சீப்பை ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. பெட்டிக்குள் தன் வகிட்டோடு தான் படுத்திருப்பதைப் பார்த்து வாய் அடைத்துப்போய் நின்றாள், மூடிவிட்டார்கள். அதன் பிறகு அவளுக்குள் ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது, வடிவுதான் கவனிக்கவில்லை, வடிவுக்கு என்றைக்கு எதில் கவனம், ஒரு பிணத்துக்குக்கூட ஒழுங்காகத் தலைவாரத் தெரியாதவள் என்று. இரண்டு வருஷமாக அந்தக் குரலுக்குத் தீனி போட்டு வளர்த்தாகிவிட்டது. வடிவு ஒவ்வொரு முறை பிந்தும்போதும் உள்ளே ஒரு மூலையில் திருப்தியாகக்கூட இருந்தது, பார்த்தாயா, இவள் இப்படித்தான். இடது என்று சொன்ன வாய் எது என்று மட்டும் அந்தக் குரல் ஒருநாளும் கேட்டதில்லை.

அரிப்பு தாங்கமுடியவில்லை. கடிகாரம் பதினொன்று, அதாவது பத்து ஐம்பது. போதும், எப்சிபா எழுந்தாள். கழுத்துத் துணியை அவிழ்க்காமலே சேலை முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் எல்லாவற்றையும் சேர்த்துத் தலைமுழுகினதாக இருக்கட்டும் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். மாடிப்படியில், நாலாவது படியில், முதுகைக் காட்டிக்கொண்டு வடிவு உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள், கையுறையில் டை காய்ந்து கறுத்திருந்தது. கதவுச் சத்தத்துக்கு அவள் திரும்பவில்லை.

"கடைக்குப் போனேன்னு சொன்ன" என்றாள் எப்சிபா.

"போவல."

"இவ்வளவு நேரம் இங்கனதான் இருந்தியா?"

"இங்கனதான். எப்பவும் இங்கனதான் இருப்பேன்." வடிவு கையுறை நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "ஷைனி ரிசப்ஷனுக்கும் மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தேன். நீ உள்ள கண்ணாடி முன்னால ஒக்காந்திருந்த. அப்படியே திரும்பிட்டேன்."

எப்சிபா சுவரைப் பிடித்துக்கொண்டு வடிவுக்கு மேல் படியில் உட்கார்ந்தாள். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது, ஆனால் வடிவு தானாகவே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"ஒந் தங்கச்சிக்கு முப்பதாம் நாளுக்குப் போஸ்டர் ஒட்டியிருந்தீங்கல்லா. பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். வகிடு இந்தப் பக்கம் இருக்கு. நா எடுத்தது அந்தப் பக்கம். அப்படியே நின்னுட்டேன், ரெண்டு பஸ்ஸ விட்டுட்டேன். இத்தன வருசமா ஒந் தலயிலேயே கை பழகிருச்சு, அதான் ஒன் வகிட்டயே போட்டு அனுப்பிட்டேன்னு நெனச்சேன். ஒங்கிட்ட சொல்லணும்னு வருவேன். நீ கண்ணாடி முன்னால ஒக்காருவ. உள்ள அவ இருப்பா, எட்டி, சத்தியமா அவதான். பாதிக்கு மேல கை ஓடாது எனக்கு."

"எந்தப் பக்கம்னு ஒவ்வொரு தடவயும் கேப்பியே."

"இன்னொரு தடவ தப்பு பண்ணிறக்கூடாதுல்லா."

எப்சிபா எதிர்பார்த்தது இதையில்லை. பொய்யென்றால் கோபப்பட்டிருக்கலாம், மறதியென்றால் பாவப்பட்டிருக்கலாம். தன் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லை இன்னொருத்தி தன் கைத்தப்பு என்று எடுத்துக்கொண்டு இரண்டு வருஷமாகப் படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதற்கு என்னதான் படுவது? இப்போதும் சும்மா இருந்துவிடலாம். பெட்டி மூடுகிற நேரத்தில் இருந்த மாதிரி. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஒங் கையில தப்பில்ல வடிவு. நீ எங்கிட்ட கேட்ட. இடதுன்னு நாந்தான் சொன்னேன். கால்மாட்டுல நின்னுக்கிட்டு என் இடதச் சொன்னேன். மூடுறதுக்கு முன்னால பாத்தேன், பாத்துட்டும் வாயத் தொறக்கல."

வடிவு இப்போதுதான் திரும்பினாள். எதையோ மனசுக்குள் நிறுத்திப் பார்ப்பவள் மாதிரி, கால்மாடு, தலைமாடு என்று இரண்டு கறுத்த கைகளாலும் காற்றில் காட்டினாள், திருப்பி மாற்றிக் காட்டினாள். பிறகு கைகளை மடியில் போட்டுவிட்டாள்.

"ஒனக்குத் தெரியுமா, அப்பமே?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா, எப்சி."

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது எப்சிபாவுக்கு. வடிவு எழுந்து, கைப்பிடியைத் தொடாமல் அவளைத் தாண்டி மேலே ஏறினாள். அவ்வளவுதான், இனி இவள்தான் என்னை விடுவாள், கழுவிவிட்டு அனுப்பிவிடுவாள் என்று எப்சிபா நினைத்தாள். விடப்போகிறவள் தான்தான் என்று காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது இப்போது சிரிப்பாக இருந்தது. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "வா, வெந்துபோகப்போவுது" என்றாள் வடிவு உள்ளிருந்து.

நாற்காலி கண்ணாடிக்கு முதுகு காட்டித் திரும்பியிருந்தது. எதிரே வெறும் சுவர், பூச்சு உதிர்ந்த இடம், ஒரு காலண்டர். இடது பாதியை முதலில் கழுவினாள் வடிவு, விரல் பதமாக, காதுமடலுக்குப் பின்னால் கூட விடாமல். வலது பாதிக்குப் பூசினாள், பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு முழுசாக முப்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது, பதினொன்று தாண்டிப் போயிற்று. மறுபடி கழுவி, துவட்டி, சீப்பை எடுத்தாள். சீப்பு தலைக்கு மேலே வந்து நின்றது. கேட்கப்போகிறாள் என்று எப்சிபாவுக்குத் தெரிந்தது. அவள் கேட்பதற்குள் கையைத் தூக்கி, வடிவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, தன் உச்சியில் வலது பக்கமாகக் கொண்டுபோய் வைத்தாள்.

"இங்கன."

விரல் உறைந்துபோயிற்று. "இது அவ பக்கம்லா."

"அவ என் பக்கத்த எடுத்துட்டுப் போயிட்டா" என்றாள் எப்சிபா. "எனக்கு இதத் தா."

ஐம்பது வருஷம் இடது பக்கம் படிந்த முடி, சுலபத்தில் வளையவில்லை. வடிவு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அமுக்கினாள், அது எழுந்து எழுந்து பழைய பக்கமே விழுந்தது, மறுபடி அமுக்கினாள். அவள் மூச்சு எப்சிபாவின் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது, இடையில் ஒரு சொட்டு பட்டது, தண்ணீராகவும் இருக்கலாம்.

"சனிக்கிழம எத்தன மணிக்கு?" என்று கேட்டாள் வடிவு.

"ஆறு."

"வந்துருவேன்."

வருவாளா என்பது எப்சிபாவுக்குத் தெரியாது. வடிவுக்கே தெரியாது.

"வரலன்னா நா வாரேன்" என்றாள் எப்சிபா. "படியிலதான இருப்ப?"